மார்கழி சைக்கிளுக்கு எந்த ஸ்வெட்டர்? வாங்கும் முன் லேபிளைப் படிங்க!

காலை 6 மணி ஷிஃப்ட் என்றால், வீட்டில் நாலரைக்கே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் என எங்கே வேலை பார்த்தாலும் சரி... சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி கேட் வரைக்கோ, கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடம் வரைக்கோ, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கோ சைக்கிளில் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூண்டி நீர்த்தேக்கம், பழவேற்காடு என்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பும் கோஷ்டியும் உண்டு.

டிசம்பர், ஜனவரி வந்தால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்னை. கிளம்பும்போது நடுங்கும். பத்து நிமிஷம் மிதித்தால் முதுகு வேர்க்கும். ரயில்வே கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் மறுபடியும் நடுங்கும்.

'தம்பி, ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போடா' என்று அம்மா சொல்வது சரிதான். எந்த ஸ்வெட்டர் என்பதுதான் கேள்வி. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நம்ம ஊர் குளிர், ஊட்டி குளிர் இல்லை

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பழமொழி உண்டு. ஆனால், கணக்குப் பார்த்தால் நம் பகுதியில் ஜனவரி அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

அப்புறம் ஏன் நடுங்குகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், காற்றே வீசாத நாளில்கூட அதே வேகத்தில் எதிர்க்காற்று உங்கள் நெஞ்சில் மோதும். இரண்டாவது, ஈரம். வங்கக் கடலும், பழவேற்காடு ஏரியும், மழை முடிந்து நிரம்பிக் கிடக்கும் வயல்களும் இருக்கும் பகுதி இது. அதிகாலைக் காற்றே பாதி நனைந்ததுபோலத்தான் இருக்கும்.

இதோடு நம் உடம்பும் சேர்ந்துகொள்கிறது. சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட கால் பங்குதான் சைக்கிளை நகர்த்துகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது. அதனால்தான் குளிர் காலையிலும் வேர்க்கிறது. அந்த வியர்வையில் பனியன் நனைந்து, அதன்மேல் காற்று பட்டதும் உடம்பு சில்லென்று ஆகிவிடுகிறது.

அதாவது, நம் ஊர் சைக்கிள்காரருக்கு முதல் எதிரி குளிர் இல்லை, நனைந்த பனியன்தான். இதைப் புரிந்துகொண்டால், கடையில் இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டரை எடுக்கும் பழக்கம் தானாகப் போய்விடும். மெல்லிசாக, வியர்வையைத் தாங்கக்கூடியதாக ஒன்று வேண்டும். கம்பளி இங்கேதான் கைகொடுக்கிறது.

கம்பளி அப்படி என்ன செய்யும்?

ஒவ்வொரு நூலுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஓர் அளவு உண்டு. ஜவுளித்துறையில் பயன்படுத்தும் கணக்குப்படி, சாதாரண நிலையில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவிகிதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது. பருத்திக்கு இது சுமார் 8.5 சதவிகிதம். பாலியஸ்டருக்கு வெறும் 0.4 சதவிகிதம். அக்ரிலிக்குக்கு 2 சதவிகிதத்துக்குள்.

ஈரப்பதம் அதிகமானால், கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டால் சொதசொதவென்று இருக்காது. இழையின் வெளிப்புறம் தண்ணீரை ஒட்டவிடாது. நீராவியை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். அதனால்தான் வேர்த்த பிறகு ரயில்வே கேட்டில் நிற்கும்போது கம்பளி சட்டென்று சில்லிட்டுப் போகாது.

இன்னொரு நன்மை, வாடை. பாலியஸ்டர் சட்டையை ஒரு நாள் போட்டு வேர்த்தாலே மறுநாள் பக்கத்தில் வைக்க முடியாது. கம்பளியில் வாடை அவ்வளவு சீக்கிரம் தங்காது. நிழலில் காற்றாட விட்டால், மூன்று நான்கு நாள் துவைக்காமலே போடலாம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நம்ம ஊர் ஆட்டில் கிடைக்காதா?

'நம்ம ஏரியாவிலதான் இவ்வளவு ஆடு மேயுதே...' என்று தோன்றலாம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் மேயும் செம்மறி பெரும்பாலும் 'மெட்ராஸ் ரெட்' எனப்படும் சென்னைச் சிவப்பு இனம். அதன் உடம்பில் இருப்பது குட்டையான முடி; நூற்கும் கம்பளி இல்லை. நம் வெயிலுக்கு அதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும். இறைச்சிக்காக வளர்க்கிறார்கள்.

கம்பளி தரும் செம்மறிக்குத் தமிழ்நாட்டிலேயே மலையேற வேண்டும். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி இனம் மென்மையான கம்பளி தரும் இனம். உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவானது. கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் 'பாரத் மெரினோ' இனத்தை வளர்க்கிறது. டூர் போகிறவர்கள் பச்சைப் புல்வெளியில் ஆட்டுமந்தையோடு செல்ஃபி எடுப்பார்களே, அதே இடம்தான்.

இன்று கடைகளில் 'மெரினோ' என்று வரும் விளையாட்டு உடைகளின் கம்பளி பெரும்பாலும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருவது. விலை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விலை அதிகம் என்பதால்தான் அடுத்து வரும் விஷயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

'உல்லன்' என்றால் கம்பளி என்று அர்த்தம் இல்லை

குளிர்காலத்தில் சென்னையில் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடைகள் எல்லோருக்கும் தெரியும். அங்கேயும், நம் ஊர் பஜார் கடைகளிலும் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் தயாராகி வருபவை. அழகாக இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேச்சுவழக்கில் எல்லாமே 'உல்லன் ஸ்வெட்டர்'தான்.

ஆனால், இவற்றில் பல அக்ரிலிக் நூலில் பின்னியவை. அக்ரிலிக் என்பது பெட்ரோலியப் பொருளிலிருந்து வரும் செயற்கை இழை. அது ஒன்றும் மோசமானது இல்லை. கதகதப்பாக இருக்கும், வாஷிங் மெஷினில் போடலாம், பூச்சி அரிக்காது. பஸ்ஸில் உட்கார்ந்து போகிற பாட்டிக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். ஆனால், சைக்கிள் மிதித்து வேர்க்கிறவருக்கு அது சரிப்படாது. வியர்வையை உறிஞ்சாமல் தோலோடு நிறுத்திவிடும்.

எனவே, கழுத்துப் பகுதியிலோ, பக்கவாட்டுத் தையலிலோ இருக்கும் லேபிளைப் பாருங்கள். 'வுல் 100%', 'மெரினோ வுல் 80%, நைலான் 20%', 'அக்ரிலிக் 100%' என்று சதவிகிதம் போட்டிருக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும், பேர் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், நம்ப வேண்டியது அந்தச் சதவிகிதத்தைத்தான். கொஞ்சம் நைலான் கலந்திருந்தால் பயப்பட வேண்டாம். முழங்கை, தோள்பட்டை சீக்கிரம் தேயாமல் இருக்கக் கலப்பார்கள். 10, 20 சதவிகிதம் கம்பளியும் மீதி அக்ரிலிக்கும் இருந்தால், அதற்குக் கம்பளி விலை கொடுக்காதீர்கள்.

நூல் உருண்டை சுற்றியதுபோல ஒரு முத்திரை சிலவற்றில் இருக்கும். அது 1964-ல் அறிமுகமான 'வுல்மார்க்'. முழுக்கக் கம்பளி என்றால் 'வுல்மார்க்', பாதிக்குக் குறையாமல் கம்பளி இருந்தால் 'வுல்மார்க் பிளெண்ட்' என்று தருகிறார்கள்.

லேபிளே இல்லையா? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஸ்வெட்டர் என்றால், உள்தையலிலிருந்து ஓர் அங்குல நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும். நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகி எரியும். ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது, குட்டீஸ் வேடிக்கை பார்த்தால் போதும்!

கடையில் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

1. இழையின் மென்மை: கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள்தான் தோலில் குத்தி அரிப்பைக் கொடுப்பவை. 'எனக்குக் கம்பளி ஒத்துக்காது' என்று சொல்லும் பலருக்குப் பிரச்னை இந்தத் தடித்த இழைதான். தோலோடு ஒட்டிப் போடுவது என்றால் 20 மைக்ரானுக்குள் இருக்கும் மெரினோ நல்லது.

2. துணியின் எடை: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்று போடுவார்கள். நம் ஊருக்கு 150 முதல் 200 வரை போதும். 250-க்கு மேல் உள்ளவை மலைப்பகுதிக்கானவை. இங்கே போட்டால் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் கழற்றிவிடத் தோன்றும்.

3. முன்பக்க ஜிப்: தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரை ஓடும் சைக்கிளில் கழற்ற முடியாது. ஜிப் இருந்தால், கிளம்பும்போது கழுத்து வரை மூடிக்கொண்டு, வேர்க்க ஆரம்பித்ததும் பாதி இறக்கிவிடலாம். ஒரே உடையில் இரண்டு வேளைக்கான வசதி.

4. அளவு: கடையில் நின்ற நிலையில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல முன்னால் குனிந்து, கைகளை நீட்டிப் பாருங்கள். முதுகு கீழே தெரியக் கூடாது. கை மணிக்கட்டு வரை வர வேண்டும். அதே சமயம் தொளதொளவென்று இருந்தால் காற்று உள்ளே புகுந்து பலூன்போல உப்பும்.

5. நிறம்: 'அழுக்குத் தெரியாது' என்று நேவி புளூ, மெரூன், கறுப்பு வாங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். சைக்கிளுக்கு மட்டும் இந்த வழக்கத்தை மாற்றுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'ஜெர்சி' என்ற பேர் எப்படி வந்தது என்பதும் இங்கே சுவாரஸ்யம். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே இருக்கும் ஜெர்சி தீவு கம்பளிப் பின்னலுக்குப் பேர்போனது. ஈரமும் காற்றுமாக இருக்கும் கடலில் மீனவர்கள் போட்ட கம்பளிச் சட்டைதான் பிறகு விளையாட்டு வீரர்களின் உடை ஆனது. 1903-ல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில், முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி கொடுக்கும் பழக்கம் 1919-ல் வந்தது. அதுவும் கம்பளிதான். மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கியதால், பிறகு செயற்கை இழைகள் அந்த இடத்தைப் பிடித்தன. இப்போது மெல்லிய மெரினோவாகக் கம்பளி திரும்பி வந்திருக்கிறது.

பட்ஜெட் இடிக்குதா? வழி இருக்கு

நல்ல மெரினோ ஜெர்சிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கான்ட்ராக்ட் சம்பளத்தில் வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக, இதற்குச் செலவழிக்க எல்லோராலும் முடியாது. வருஷத்தில் இரண்டு மாதம்தான் குளிர் என்கிறபோது, முடியாதவர்கள் வருத்தப்படத் தேவையே இல்லை.

அந்தக் காலப் பந்தய வீரர்கள் ஒரு வித்தை செய்வார்கள். மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கி, ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு கீழே இறங்குவார்கள். எதிர்க்காற்றை அது தடுத்துவிடும். நீங்களும் செய்யலாம். முந்தின நாள் பேப்பரில் நான்கு தாளை மடித்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடலாம். முதுகுப்பக்கம் திறந்தே இருப்பதால் வியர்வை வெளியேறும். முழு ரெயின்கோட் போடுவதைவிட இது மேல். ரெயின்கோட் காற்றைத் தடுக்கும். ஆனால் உள்ளே வியர்வைக் குளம் கட்டும்.

இன்னொரு வழி, பையில் ஒரு காய்ந்த பனியன். போய்ச் சேர்ந்ததும் நனைந்ததைக் கழற்றி இதை மாட்டினால், பாதிக் குளிர் போய்விடும். திருப்பூர் பனியன் ஒன்று தரும் சுகத்தை, சில சமயம் தடித்த ஸ்வெட்டர்கூடத் தராது.

அக்ரிலிக் ஸ்வெட்டர்தான் இருக்கிறது என்றால், அதைக் கிளம்பும்போது போட்டுக்கொண்டு, உடம்பு சூடானதும் ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பையில் வையுங்கள். இடுப்பில் கட்டாதீர்கள், கை நழுவிச் சக்கரத்தில் சிக்கும்.

லாரி டிரைவருக்குத் தெரியணும்

இப்போது நிறத்துக்கு வருவோம். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் விடிய விடிய டிரெய்லரும் கன்டெய்னரும் ஓடும். பனி மூட்டத்தில், இருட்டில், கறுப்பு ஸ்வெட்டர் போட்டுச் சைக்கிளில் போகிறவரை டிரைவர் பார்ப்பதற்குள் தூரம் குறைந்துவிடும். வெள்ளை, இளமஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் விளக்கு வெளிச்சத்தில் சீக்கிரம் கண்ணில் படும்.

ஏற்கெனவே வாங்கியது கறுப்பு என்றால், மேலே ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட்டைப் போடுங்கள். கம்பெனியில் கொடுக்கும் அதே பச்சை, ஆரஞ்சு ஜாக்கெட்தான். அதை கேட்டுக்கு உள்ளே மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காமல், வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று அவசியம். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் மெயின் ரோட்டில் ஏறாதீர்கள்.

போகி அன்று கூடுதல் கவனம். புகையும் பனியும் சேர்ந்தால் எதிரில் வருவது தெரியாது. 2018 போகியில் இந்தப் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று ஒரு நாள் விடிந்த பிறகு கிளம்ப முடியுமா என்று பாருங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அன்றைக்குச் சைக்கிளையே தவிர்ப்பது நல்லது.

மஃப்ளர் சுற்றும் அண்ணன்கள், துப்பட்டா போடும் தங்கைகள், முந்தானை பறக்கும் அக்காக்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: நுனியை உள்ளே செருகி, பின் குத்திவிட்டு ஏறுங்கள். செயினில் நுனி சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. காதை முழுக்க மூடும் தடித்த மங்கி குல்லாவும் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்கணும்.

கேட்டுக்குள் போனதும் கழற்றுங்க

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் நிறைய. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்காரர்களோடு சேர்ந்து படிக்க வேண்டிய பகுதி இது.

அக்ரிலிக், பாலியஸ்டர், நைலான் எல்லாமே சூடுபட்டால் உருகும் இழைகள். வெல்டிங் பொறியோ, உருக்குத் துளியோ பட்டால், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீக்காயம் அதனால் இன்னும் ஆழமாகும். காலையில் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைச் சோம்பலில் கழற்றாமல் யூனிஃபார்முக்குள்ளேயே விட்டுக்கொண்டு ஃபர்னஸ் பக்கம் போவது மிகவும் ஆபத்தான பழக்கம்.

கம்பளி உருகாது, கருகும். ஆனால், அதற்காக ஜெர்சியைப் பாதுகாப்பு உடையாக நினைத்துவிடக் கூடாது. சுற்றும் இயந்திரம் இருக்கும் இடத்தில், தொளதொளப்பான எந்தத் துணியும் ஆபத்துதான். சைக்கிளுக்குப் போட்டது சைக்கிளோடு. லாக்கரில் மாட்டிவிட்டு, கம்பெனி கொடுத்த பாதுகாப்பு உடையோடு உள்ளே போங்கள்.

துவைப்பதில்தான் இருக்கு ஆயுள்

பணம் போட்டு வாங்கிய கம்பளியை ஒரே துவையலில் குழந்தை சட்டையாக்கிவிடலாம்! கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல அடுக்குகள் இருக்கும். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும்.

* பச்சைத் தண்ணீரில், மென்மையான ஷாம்பு அல்லது கம்பளிக்கான திரவ சோப்பில் அலசுங்கள். கம்பளி ஒரு புரதம். கறை நீக்கும் என்சைம் சேர்த்த சோப்புத்தூளில் சில புரதத்தைச் சிதைப்பவை என்பதால் அவை வேண்டாம்.

* பிரஷ் போடாதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும்.

* கொடியில் தொங்கவிட்டால் நீளும். நிழலில் பாயில் விரித்துக் காயவையுங்கள்.

* மாசி முடிந்ததும் நன்றாகத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். அழுக்கோடு வைத்தால்தான் பூச்சி தேடி வரும்.

மெஷினில் போடலாம் என்று லேபிளில் இருந்தால் மட்டும், குறைந்த சுழற்சியில், பச்சைத் தண்ணீரில் போடலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால், முதலில் சைக்கிளுக்குப் பின்விளக்கு வாங்குங்கள்; அடுத்து ஒளிரும் ஜாக்கெட்; மிச்சம் இருந்தால் ஒரு நல்ல பனியன். குளிருக்குப் பழைய பேப்பர் போதும். போனஸ் வரும்போது மெரினோவைப் பார்த்துக்கொள்ளலாம். வாங்கப் போகும்போது மட்டும், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் முன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்!